பொய்க் கைக்கு ஆள் வேணுமாமே!

ஏல பேராண்டி, பிசியோதெரபி பட்டம் வாங்கிட்ட, சந்தோசம். நான் ரெட்டைப் பிள்ளையில ஒருத்தன், என் கை பட்டாச் சுளுக்குப் போயிரும்னு ஊரு நம்புது. அதுக்கு நீ சிரிக்க. சிரி. உங்க காரணமெல்லாம் என்ன லட்சணத்துல கெடக்குன்னு நீதானல திண்ணையில உக்காந்து வாசிச்சுக் காட்டுன?

இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் வந்தா, "மூட்டு விலகிருந்துச்சு, ஏத்தி வச்சிட்டேன்"னு தைரியமாச் சொல்லு. 1998-ல சுவீடன்ல பத்துப் பேருக்கு இடுப்பு மூட்டைத் திருகி, முன்னயும் பின்னயும் எக்ஸ்ரேயில அளந்தாங்களாம். தொட்டுப் பாத்த கைக்குச் சரியாயிருச்சுன்னு பட்டுச்சு. மூட்டு என்னமோ இருந்த எடத்துலதான் இருந்துச்சு. படுத்துக் கெடக்கவன் அதையெல்லாம் கேக்கவா போறான்?

"சடக்"னு சத்தம் வந்தா லேசாச் சிரிச்சுக்கோ. காசே அதுக்குத்தான். என்ன சத்தம்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்காத. 1971-ல இங்கிலாந்துக்காரன், மூட்டுத் தண்ணியில குமிழி உடையுதுன்னான். 2015-ல கனடாக்காரன் எம்.ஆர்.ஐ.க்குள்ள வெரலை இழுத்துப் பாத்துட்டு, உடையல, உண்டாகுதுன்னான். 2018-ல கணக்குப் போட்டுப் பாத்தவங்க, முழுசா உடைய வேண்டாம், கொஞ்சம் உடைஞ்சாலே சத்தம் வரும்னுட்டாங்க. வெரல் சொடக்குக்கே இம்புட்டுப் பஞ்சாயத்து!

தேச்சுவிட்டா லாக்டிக் அமிலம் ஓடிரும்னு சொல்லுவீகளே, அதையும் விட்டுராத. 2012-ல அதே கனடாவுல பதினோரு வாலிபப் பயலுகள மூச்சு முட்ட சைக்கிள் மிதிக்க வச்சு, ஒத்தைக் காலை மட்டும் தேச்சு, சதையைக் கிள்ளியெடுத்துச் சோதிச்சாங்க. வீக்கத்தைக் கிளப்புற சேதி குறைஞ்சிருந்துச்சு, வாஸ்தவம். லாக்டிக் அமிலம் அசையல. அது கெடக்கட்டும், அந்தப் பதினோரு பேர்ல ஒரு கெழவி உண்டா? எங்கிட்ட வாரதெல்லாம் மூட்டு தேஞ்ச கெழவிகதானல!

இன்னொரு தொழில் ரகசியம். சனம் எப்ப வரும்? வலி உச்சிக்கு ஏறுனப்பத்தான். உச்சிக்கு ஏறுன வலி பெரும்பாலும் தானாவே எறங்கும். அதனால "மூணு நாள் கழிச்சு வா"ன்னு சொல்லிரு. எறங்குனா உன் கை ராசி. எறங்கலன்னா அவன் பத்தியம் இருக்கல.

கை பட்டு வலி கொறையுததுல நரம்பு, மூளை, நம்பிக்கை எல்லாம் கூட்டுன்னு உங்க பெரியவுகளே சொல்லுதாக. எதுக்கு எவ்வளவு பங்குன்னு பிரிக்கத்தான் முழிக்காக. மாத்திரைன்னா மாவு மாத்திரை குடுத்து ஏமாத்தலாம். கைக்கு என்ன செய்வ? சும்மா தொட்டாலும் தோலு மூளைக்குச் சேதி சொல்லிருதுல்லா. தொடுதவனுக்கும் நெசத் தொடலா, பொய்த் தொடலான்னு தெரியும். மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்.

அதுக்குத்தான் கேக்கேன். உங்க ஆராய்ச்சியில பொய்க் கை வைக்க ஆள் எடுப்பாகல்லா, சம்பளம் எவ்வளவுன்னு விசாரிச்சுட்டு வா. எனக்கு நாப்பது வருச அனுபவம் இருக்குன்னு சொல்லு.