ஏலம் போன படப்பு

என் சிறு வயதில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஓவியம், மளிகைக் கடைக்காரர் கொடுத்த சிவகாசிக் காலண்டர். கோவில்பட்டி கொண்டையராஜுவின் பாணியைப் பார்த்து யாரோ வரைந்த அறுவடைக் காட்சி: பச்சை வயல், நெற்கதிர், காசுமாலை போட்டுக்கொண்டு கதிரறுக்கும் பெண். எங்கள் புஞ்சையோ மானாவாரிக் கரிசல். ஐப்பசி மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைத்துத் தையில் அறுப்போம். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கம்பங்கதிர் கொய்தால் சுணை பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். காசுமாலையோடு அந்த வேலைக்கு யாரும் வந்ததில்லை. ஆனாலும் அம்மா அந்தப் பெண்ணைத்தான் லட்சுமி என்று கும்பிட்டாள்.

இப்போது அக்கா மகன் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறான். அவன் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட பெரிய படம்.

“என்ன மாப்ளே, சோளத்தட்டைப் படப்பை மாட்டி வச்சிருக்க?”

“மாமா, அது மோனே! இம்ப்ரெஷனிசம்.”

பிரான்சில் ஜிவெர்னி கிராமத்தில், வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்ற போர்களை 1890-91இல் க்ளோத் மோனே ஏறக்குறைய 25 படங்களாக வரைந்தார். வெயிலில் ஒன்று, பனியில் ஒன்று. வெளிச்சம் மாறினால் கையிலிருந்ததை வைத்துவிட்டு அடுத்த திரைச்சீலையை எடுப்பார். அந்தப் போர்கள் வெறும் தட்டையல்ல, கோதுமைக் கதிரோடு அடுக்கியவை. கதிரடிக்கும் இயந்திரம் ஊர் ஊராகச் சுற்றி வந்து சேர மாதக்கணக்காகும். அதுவரை வயலிலேயே நிற்கும். அறுத்தவன், கட்டியவன், சுமந்தவள் ஒருவரையும் அந்தப் படத்தில் காணோம். எங்கள் காலண்டர்க்காரராவது கையில் அரிவாள் கொடுத்திருந்தார்.

எங்கள் படப்புக்கு வெளிச்சம் என்றாலே பயம். அடுத்த மழை வரைக்கும் மாட்டுக்குத் தீவனம் அதுதான். பக்கத்தில் பீடி பற்ற வைத்தவனைத் தாத்தா கம்பெடுத்து விரட்டுவார். அப்படிப் பொறிக்கு அஞ்சி வளர்ந்த பிள்ளைகள்தான் பின்னால் பட்டாசு ஆலைக்கு மருந்து செலுத்தப் போனார்கள். விடிகாலையில் ஆலை வேன் வந்து அள்ளிப் போய்விட்டால், களையெடுக்க ஊரில் ஆளிருக்காது.

மோனேயின் படப்புகளில் ஒன்று 2019இல் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் 11 கோடி டாலருக்கு மேல் விலை போனது. அன்றைய கணக்கில் 700 கோடி ரூபாயைத் தாண்டும். எங்கள் புஞ்சையில் இப்போது மக்காச்சோளம். அறுக்க மெஷின் வருகிறது. மாடு இல்லாததால் தட்டையை அப்படியே உழுதுவிடுகிறோம்.