சில்வியா என்னும் சிறுகோளும் கல்பாத்தித் தேரும்: ஓர் ஒப்பாய்வு

சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றிவந்தும் கோள் என்னும் தகுதி பெறாத, பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பட்டையில் உழலும் பாறைப்பொருள் ஆகும். அவற்றுள் 87 என்னும் எண் பெற்ற சில்வியா, 1866 மே 16 அன்று சென்னை வானாய்வுக்கூடத்தில் நார்மன் போக்சனால் கண்டறியப்பட்டது. சூரியனிலிருந்து சராசரியாக 52 கோடி கிலோமீட்டர் தொலைவில், பட்டையின் வெளிப்புறத்தில், ஒரு சுற்றுக்கு ஆறரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் இதற்கும் பாலக்காட்டுக் கல்பாத்திக்கும் உள்ள தொடர்பு இதுவரை ஆராயப்படாததற்குக் காரணம், அப்படியொரு தொடர்பு இல்லாமையே என்பர் சிலர். அது ஆய்வுநெறி அறியாதார் கூற்று.

தொடர்பை நிறுவும் நெறிகள் மூன்று. முதலாவதாகிய திசைநெறி, சென்னைக்கும் கல்பாத்திக்கும் மேலிருப்பது ஒரே வானம் என்பதோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, யானைநெறி. ஐப்பசி முடிவில் நடக்கும் கல்பாத்தித் தேரோட்டத்தில் ஊரார் முன்னே வடம் பிடிக்க, யானை பின்னின்று முட்டித் தள்ளும். வானில் யானையின் இடத்தில் இருப்பது, சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு கொள்ளும் வியாழன். அதில் சரிபாதிக் காலத்தில் சுற்றும் பாறை எதுவாயினும், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, பாதையின் ஒரே இடத்தில் வியாழனின் ஈர்ப்புக்கு ஆளாகி, நாளடைவில் தடம் மாறிப்போகும். ஒத்ததிர்வு எனப்படும் இவ்விளைவால் காலியான பகுதிகள் கிர்க்வுட் இடைவெளிகள் எனப்படும். சில்வியா அவ்விடைவெளிக்கு அப்பால் ஓடுவது, யானைக்கு வழிவிட்டு நிற்கும் அக்கிரகாரத்து மரியாதையே என்பது பழைய கல்பாத்திக் கொள்கை. யானைக்கு அஞ்சியது என்பது புதிய கல்பாத்திக் கொள்கை.

மூன்றாவதும் தலையாயதும் குடும்பநெறி. சில்வியாவுக்கு ஒரு துணைக்கோள் இருப்பது 2001இலும், இன்னொன்று இருப்பது 2005இலும் வெளிப்பட்டன. சில்வியா ரோமானியக் கதையில் இரட்டையரின் தாய் ஆதலால், அவற்றுக்கு ரோமுலஸ், ரெமுஸ் என்று அவள் மக்களின் பெயர்களே இடப்பட்டன. கல்பாத்தியிலோ விசாலாட்சி சமேத விசுவநாதர், கணபதி, சுப்பிரமணியர் என முதல் நாளே மூன்று தேர்கள், அதாவது தாயும் இரு மக்களும், வீதிவலம் வருகின்றன. எனவே, தொலைநோக்கிகள் 21ஆம் நூற்றாண்டில் கண்டதை ஊரார் வடம் பிடித்தே இழுத்திருக்கின்றனர் என்பது போதரும். இவ்வுண்மை 2005க்கு முன் எவராலும் சொல்லப்படவில்லையே என்று கேட்பது பொருந்தாது. நம் முன்னோர் முன்பே அறிந்திருந்த எதுவும், பிறர் கண்டுபிடித்து அறிவித்த மறுநாளே நம் அறிஞர்க்குப் புலப்படுவது இத்துறையின் நிலைபெற்ற விதி.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. இரட்டையரின் தந்தை செவ்வாய். அவரோ பட்டைக்கு உட்புறம் தனிப்பாதையில் சுற்றுகிறார். கல்பாத்தியில் தந்தை தாயோடு ஒரே தேரில் எழுந்தருளுகிறார். இம்முரணைத் தீர்க்கும் சான்று, அட்டையும் ஆசிரியர் பெயரும் இழந்த ஒரு கைப்பிரதியின் ஓரக்குறிப்பில் இருந்தது. குறிப்பைக் கரையான் தின்றுவிட்டது. அதற்கு எழுந்த விளக்கவுரை இரவல் போய்த் திரும்பவில்லை. அவ்வுரையின் பிழைதிருத்தப் பட்டியல் மட்டும் எஞ்சியுள்ளது. அதில் “பிரிந்து என்பதைச் சேர்ந்து எனத் திருத்துக” என்று காணப்படுவதால் இடர்ப்பாடு நீங்கிற்று. பட்டியலை நேரில் பார்த்தவர் எவருமில்லை என்பதால், அதை மறுக்கவும் எவராலும் இயலாது.

நாளை சில்வியாவுக்கு மூன்றாம் துணைக்கோள் ஒன்று கண்டறியப்பட்டால் கொள்கை குலையுமோ எனின், குலையாது. இரண்டாம் நாளில் மந்தக்கரை மகாகணபதியின் தேரும், மூன்றாம் நாளில் பழைய கல்பாத்தி லட்சுமி நாராயணப் பெருமாளின் தேரும் சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதியின் தேரும் புறப்படுகின்றன; ஆகவே மேலும் மூன்று துணைக்கோள்கள் வரை இக்கட்டுரையில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. அதற்கு மேலும் கண்டறியப்படுமாயின், வானியலார் எண்ணியதில் பிழை என்று கொள்க.