மன்னர் மண்டபத்தில் மக்கள் வழக்கு

கேள்வி: அரசியல் சட்டம் மாறினால் நாடாளுமன்றக் கட்டடமும் மாறுமா?
(வாசகர், சாந்திபுரம், சித்தூர் மாவட்டம்)

பதில்: மாறும். டெல்லியே சாட்சி!

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மத்தியில் இரண்டு அவைகளைத் தந்தது. 1921-ல் சுதேச மன்னர்களுக்கும் தனி அவை வந்தது. அதனால்தான் 1927-ல் திறக்கப்பட்ட வட்ட வடிவ நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கட்டடக் கலைஞர்கள் லட்யன்ஸும் பேக்கரும் மூன்று அரைவட்ட மண்டபங்களை வைத்தார்கள்.

சுதந்திரம் வந்தது, மன்னர் அவைக்கு வேலை போயிற்று. குடியரசான 1950-ல் அந்த மண்டபத்தில் உச்ச நீதிமன்றம் குடியேறி, 1958 வரை அங்கேயே இருந்தது. மகாராஜாக்கள் கூடிய அதே கூரையின்கீழ், மதராஸ் சிறையிலிருந்து கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தன் தடுப்புக் காவலை எதிர்த்துத் தொடுத்த வழக்கு விசாரிக்கப்பட்டது. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட மதராஸ் அரசின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பும் அங்கேதான். 1951-ல் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். ஒரு கட்டடத்துக்கு இதைவிடப் பெரிய பதவி உயர்வு கிடைக்குமா?

2023-ல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தின் மக்களவையில் 888 இருக்கைகள், தொகுதிகளோ 543. நாளைய தொகுதி மறுவரையறையை எண்ணி இன்றே நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

உங்கள் மாநிலத்திலும் இதே கதைதான். ஆந்திரத்தில் 1985-ல் சட்ட மேலவை ஒழிக்கப்பட்டது, 2007-ல் திரும்பியது. அதனால் சாந்திபுரம் அடங்கிய குப்பம் தொகுதியின் எம்.எல்.ஏ. செல்லும் வெலகபூடி சட்டமன்ற வளாகத்திலும் இரண்டு அவைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று.