ஈயம் பூசிய சீமாட்டி

1752-ஆம் வருஷம் பாரிஸில் ஒரு பெரிய இடத்து விருந்து. மேசையில் 16 பேர். கல்யாணமாகி சில மாதங்களே ஆன ஆங்கிலேயப் பிரபு ஒருவர் திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். புதுப் பெண்டாட்டியை மேசையைச் சுற்றிச் சுற்றித் துரத்தினார். எட்டிப் பிடித்தார். கை துடைக்கும் துணியால் அவள் கன்னத்தைப் பாத்திரம் விளக்குவதுபோலத் தேய்தேய் என்று தேய்த்தார். கொடுத்த வாக்கை மீறிவிட்டாய், உன்னை நேரே இங்கிலாந்துக்கே திருப்பிக் கூட்டிப் போகிறேன் என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். அந்த அம்மாள் செய்த குற்றம், கன்னத்தில் கொஞ்சம் சிவப்புச் சாயம்.

இந்த வம்பை நமக்கு விட்டுப் போனவர் ஹோரஸ் வால்போல். அப்பா பிரதம மந்திரியாக இருந்தவர், அதனால் பிள்ளைக்குச் சோற்றுக் கவலை இல்லை. லண்டனில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று கடிதம் எழுதியே ஆயுளைக் கழித்த புண்ணியவான்.

துரத்தியவர் கோவென்ட்ரி பிரபு. ஓடியவள் மரியா கன்னிங். நம் ஊர்க் கன்னி அல்ல, குடும்பப் பெயரே அதுதான். அயர்லாந்தில் ராஸ்காமன் பக்கம் வளர்ந்தவள். வீட்டில் பெருமை நிறைய, பணம் கிடையாது. மரியாவும் தங்கை எலிசபெத்தும் அழகிகள் என்பது ஒன்றுதான் சொத்து. 1748-இல் டப்ளின் கோட்டையில் நடனவிருந்து என்றார்கள். போட்டுக்கொள்ள உடுப்பு இல்லை. நாடகக் கம்பெனி நடத்திய தாமஸ் ஷெரிடன் மனமிரங்கி, லேடி மேக்பெத், ஜூலியட் வேஷங்களுக்கான உடுப்புகளை இரவல் கொடுத்தாராம். ஒருத்தி கொலைகாரியாகவும் ஒருத்தி காதலியாகவும் போய் நின்றார்கள். அம்மாவுக்கு அரசாங்கப் பென்ஷனே கிடைத்துவிட்டது. அடுத்த வண்டி லண்டனுக்கு. 1752 பிப்ரவரியில் தங்கையை ஹாமில்டன் கோமகன் நள்ளிரவில் கட்டிக்கொண்டார். மோதிரம் வாங்க நேரமில்லை, கட்டில் திரையின் வளையத்தைக் கழற்றி மாட்டினார்கள். மார்ச்சில் மரியாவுக்குக் கோவென்ட்ரி பிரபு.

இனி மரியா முகத்தில் பூசியது என்ன என்று பார்க்கலாம். அதைத் தயாரிக்கும் விதத்தைக் கேட்டால் மத்தியானச் சாப்பாடு இறங்காது.

ஈயத் தகட்டைச் சுருட்டி வினிகர் ஊற்றிய மண்ஜாடிக்குள் வைப்பார்கள். ஜாடிகளை அடுக்கி மேலே குதிரை லத்தியைக் கொட்டி மூடுவார்கள். லத்தி புளிக்கும், சூடாகும். வினிகர் ஆவியாகி ஈயத்தைத் தின்னும். லத்தியிலிருந்து வரும் கரியமில வாயு மிச்ச வேலையைப் பார்க்கும். சில வாரம், சில மாதம் கழித்துத் திறந்தால் ஈயத்தின்மேல் வெள்ளை வெளேர் என்று செதில் படிந்திருக்கும். சுரண்டிப் பொடித்து, கழுவி, உலர்த்தி, தண்ணீரோ முட்டைக் கருவோ விட்டுக் குழைத்தால் சீமாட்டிகளின் முகப்பூச்சு தயார். வெனிஸ் சரக்கு என்றால் விலை கூடுதல். லத்தியும் இத்தாலிய லத்திதானே.

இந்த ஈய வெள்ளை அப்போதே பழைய சங்கதி. ரோமாபுரிப் பெண்கள் பூசினார்கள். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணி 1562-இல் அம்மை வந்து பிழைத்தபின் தழும்பை மறைக்க இதைத்தான் அப்பிக்கொண்டார் என்று ஊரெல்லாம் கதை. அதற்குச் சான்று எங்கே என்று சரித்திரக்காரர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள், நமக்கு எதற்குப் பொல்லாப்பு. ஆனால் விஷம் என்று யாருக்கும் தெரியாது என்பது மட்டும் சுத்தப் பொய். லொமாட்ஸோ என்ற இத்தாலிய ஓவியரின் நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஈய வெள்ளை பூசுகிறவர்கள் சீக்கிரம் தோல் வற்றி, தலை நரைத்துப் போவார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. படித்தார்கள். மூடி வைத்தார்கள். பூசிக்கொண்டார்கள்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஈயம் பூசுகிறவர் வருவார். துருத்தி ஊதி, நவச்சாரம் தூவி, பித்தளைக் குண்டானைப் பளபள என்று ஆக்கிக் கொடுப்பார். அவர் பூசியது வெள்ளீயம், சமையலுக்குக் கெடுதல் இல்லாதது. லண்டன் சீமாட்டிகள் பூசியது காரீயம். நம் குண்டான்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அவர்கள் முகத்துக்குக் கிடைக்கவில்லை.

ஒழுங்காக இருக்கிற தோல் வழியாக இந்த ஈயம் அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது. தோல் நல்ல காவல்காரன். ஆனால் சீமாட்டிகள் அந்தக் காவல்காரனை முதலிலேயே அடித்துத் துரத்திவிட்டார்கள். தழும்பு, மங்கு, மச்சம் எல்லாம் உரிந்து போகட்டும் என்று பாதரசக் குளோரைடு கரைத்த நீரைத் தடவினார்கள். சித்த வைத்தியத்தில் அந்தச் சரக்குக்கு வீரம் என்று பெயர். அதை முகத்தில் தடவ நிஜமாகவே வீரம் வேண்டும். மேல்தோல் உரிந்து வரும். கீழே இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆஹா, குழந்தை மாதிரி ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, அந்தப் பச்சைப் புண்ணின்மேல் ஈயத்தைப் பூசினார்கள். கன்னத்துக்குச் சாதிலிங்கச் சிவப்பு, அதுவும் பாதரசம். பவுடராகப் பறந்தது மூக்கில் போனது. உதட்டில் பட்டது வயிற்றில் போனது. தோல் காய்ந்து, வெடித்து, சாம்பல் பூத்தது. முடி கொட்டியது. பல் ஆடியது.

சாம்பல் பூத்த முகத்தை எப்படி மறைப்பது? இன்னொரு பூச்சு. அதனால் இன்னும் கெட்டால்? இன்னும் கொஞ்சம் கெட்டியாக. புண்ணை விற்பவனே கட்டுத்துணியையும் விற்கிற இந்த வியாபாரத்தில் நஷ்டம் என்பதே கிடையாது.

பூச்சுக்கும் அடங்காத குழிகளின்மேல் கறுப்புப் பட்டுத்துணியை வட்டமாக, நட்சத்திரமாக, பிறையாக வெட்டி ஒட்டினார்கள். பிறகு அதற்கும் கட்சி வந்துவிட்டது. 1711-இல் அடிசன் தன் 'ஸ்பெக்டேட்டர்' இதழில், விக் கட்சிப் பெண்கள் வலப்பக்கமும் டோரி கட்சிப் பெண்கள் இடப்பக்கமும் பொட்டு ஒட்டுவதாகக் கிண்டலடித்தார். கரைவேட்டிக்கு முன்னோடி. தப்பான கன்னத்தில் ஒரு தழும்பு இருந்தால் கொள்கையே மாறவேண்டிய நிலை.

மரியாவின் புகழோ முகத்தின் நிலவரத்தைப் பொருட்படுத்தாமல் ஏறிக்கொண்டே போனது. வூஸ்டர் ஊர்ச் செருப்புத் தைப்பவர் ஒருவர், அவளுக்காகத் தைத்த ஒரு செருப்பைக் கடையில் வைத்து, பார்க்க ஆளுக்கு ஒரு பென்னி என்று வசூலித்தார். இரண்டரை கினி தேறியதாம். ஒரு கினிக்கு 252 பென்னி. கணக்குப் போட்டால் 630 பேர், காலி செருப்பைக் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நடிகைக்குக் கோயில் கட்டியதற்கு நம்மைச் சிரிக்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். 1759-இல் ஹைட் பார்க்கில் அவளைக் கூட்டம் மொய்க்க, இரண்டாம் ஜார்ஜ் ராஜா காவல் போட்டுக் கொடுத்தார். முன்னால் 2 சார்ஜென்ட், பின்னால் 12 சிப்பாய், நடுவில் மரியா, சாயங்கால நடை.

மூளை விஷயத்தில் மரியா சிக்கனக்காரி என்று பேர். கிழட்டு ராஜா ஒருநாள், லண்டனில் இன்னும் என்ன பார்க்கவேண்டும் என்று கேட்டாராம். எல்லாம் பார்த்தாயிற்று, பட்டாபிஷேகம் ஒன்றுதான் பாக்கி என்றாளாம். பட்டாபிஷேகம் வேண்டுமென்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் செத்தாகவேண்டும். ராஜா சிரித்துவிட்டார் என்கிறார்கள்.

அதற்குள் முகம் போய்விட்டிருந்தது. கடைசி நாட்களில் கட்டில் திரைகளை இழுத்து மூடிக்கொண்டாள். தேநீர்க் கெட்டிலின் அடியில் எரியும் சின்ன விளக்கைத் தவிர அறையில் வெளிச்சம் கூடாது. அதற்கு முன்புவரை கையில் ஒரு சின்னக் கண்ணாடியோடு படுத்திருந்தவள்.  இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1760 செப்டம்பர் 30 அன்று இறந்தாள். முப்பது வயதுகூட நிரம்பவில்லை. காசநோய் என்றும் சொன்னார்கள், ஈயம் என்றும் சொன்னார்கள். ஊர் என்னவோ பூச்சின்மேல்தான் பழியைப் போட்டது. சரியாக 25 நாள் கழித்து, அக்டோபர் 25 அன்று, இரண்டாம் ஜார்ஜ் ராஜாவும் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் பட்டாபிஷேகம் தடபுடலாக நடந்தது.

கோவென்ட்ரி பிரபு பாரிஸில் துணியை எடுத்துத் துடைத்தது மருத்துவ ரீதியில் முழுக்கச் சரி. ஆனால் மனுஷன் அவள் தோலைப் பற்றிக் கவலைப்பட்டுத் துடைக்கவில்லை. பெண்டாட்டி சாயம் பூசினால் தன் மானம் போகும் என்று துடைத்தார். சரியான காரியத்தைத் தப்பான காரணத்துக்காக, அதைவிடத் தப்பான முறையில் செய்யும் கணவன்மார் பேச்சை யார் கேட்பார்கள்?

ஈயம் இதோடு ஓய்ந்ததா என்றால் இல்லை. 1887-இல் ஜப்பானின் மெய்ஜி பேரரசர் முதன்முதலாகக் கபுகி நாடகம் பார்க்க வந்தார். மேடையில் பெண் வேஷங்களுக்குப் பேர்போன நான்காம் நகமுரா ஃபுகுசுகே. பேரரசர் முன்னிலையில் அவருக்குக் கால் நடுங்கியது. சக்கரவர்த்தியைக் கண்ட பயம் என்று நினைத்தார்கள். வைத்தியர்கள் பார்த்தால், வருஷக்கணக்கில் பூசிய ஈய வெள்ளை உடம்பில் இறங்கியிருந்தது. உலகமே பேசியது, ஈயமில்லாத பூச்சும் வந்தது. ஆனால் ஜப்பானில் 1900-இல் சட்டம் போட்டபோது முகப்பூச்சு ஈயத்துக்கு மட்டும் தற்காலிக விலக்கு என்றார்கள். அந்தத் தற்காலிகம் முப்பது வருஷத்துக்குமேல் ஓடியது. அரசாங்கத் தற்காலிகம் எல்லா நாட்டிலும் ஒரே சைஸ்தான்.

நாம் மட்டும் என்ன? ஒருவர் நடிக்க வந்தால் அரிதாரம் பூசினார் என்று இன்றைக்கும் எழுதுகிறோம். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல். கூத்துக் கலைஞர்கள் முகத்தில் மஞ்சள் வண்ணமாகப் பூசியது அதைத்தான். வேஷத்துக்கு விஷத்தின் பெயரையே வைத்துக்கொண்டு, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிற பாஷை நம்முடையது.

இன்றைய பவுடரும் ஃபவுண்டேஷனும் அந்தப் பரம்பரையில் வந்தவை அல்ல, நல்லபடியாகத் தயாரித்ததைப் பூசி, ராத்திரி கழுவிவிட்டுப் படுத்தால் பெரும்பாலான தோல்கள் சண்டைக்கு வருவதில்லை. ஆனால் அந்தப் பழைய வட்டம் அறுபடவில்லை. 1972-இல் க்ளிக்மன், மில்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள், பூச்சினாலேயே வரும் பருவுக்கு ஆக்னே காஸ்மெடிகா என்று பெயர் வைத்தார்கள். பூச்சு பருவைக் கிளப்புகிறது, பருவை மறைக்க மேலும் பூச்சு. மரியாவின் கதைதான், ஈயம் மட்டும் கழிந்துவிட்டது.

பாதரசம் கழியவில்லை, சில சிவப்பழகு க்ரீம்களில் இன்னும் இருக்கிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்த நோயிலேயே ஓர் அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் தடவிக்கொண்டிருந்தவர்கள். பெரும்பாலோருக்குக் க்ரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது.

தயாரித்தவர் பெயர், முகவரி, சேர்மானப் பட்டியல், இந்த மூன்றும் இல்லாத க்ரீம் டப்பா உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். வீட்டில் வேறு யாராவது தடவிக்கொண்டிருந்தால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மேசையைச் சுற்றித் துரத்த வேண்டாம்.