அடுத்தவன் காருக்கு என் பிரீமியம்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

அன்புள்ள மாமாவுக்கு,

கார் வாங்கியதை அம்மா சொல்லியிருப்பாள். லிவர்மோர் கோவிலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. ஆனால் இந்த ஊரில் எலுமிச்சம்பழத்தை மட்டும் நம்பி ரோட்டில் இறங்க முடியாது. நாம் யாரையாவது இடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு வரை கொடுக்க வேண்டும் என்பதை நாமே முன்கூட்டிச் சொல்லி பாலிசி எடுக்க வேண்டும்.

சட்டப்படி குறைந்தபட்சம் 30/60/15. அடிபட்ட ஓர் ஆளுக்கு 30,000 டாலர் வரை, ஒரே விபத்தில் எத்தனை பேர் விழுந்தாலும் மொத்தம் 60,000, உடைத்த சாமானுக்கு 15,000. 2024 முடிய இது 15/30/5 ஆக இருந்தது. 1967-இல் போட்ட கணக்கு! இங்கே சிக்னலில் எனக்கு முன்னால் நிற்பதெல்லாம் டெஸ்லா. ஐயாயிரம் டாலருக்கு அதன் பின்பக்கத்தைத் தடவிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மிச்சத்தை என் சம்பளத்தில் பிடிக்க கோர்ட் உத்தரவு வாங்கிவிடுவார்கள்.

ஏஜென்ட் போனில் கேட்டார்: வீடு சொந்தமா, சேமிப்பு எவ்வளவு, சம்பளம் என்ன? பெண் கொடுத்த மாமனார்கூட இப்படித் துருவவில்லை. உள்ளவனிடம்தானே பறிக்க முடியும்? ஒன்றுமில்லாதவன் குறைந்தபட்சத்தோடு நிம்மதியாக ஓட்டுகிறான். அவன் வந்து நம்மை இடித்தால், ஆஸ்பத்திரி பில்லுக்கு அவன் பாலிசியில் முப்பதாயிரம்தான். சிலரிடம் பாலிசியே கிடையாது. அதற்கும் தனியாக ஒரு கவரேஜ் விற்கிறார்கள். அடுத்தவன் இன்சூரன்ஸ் எடுக்காததற்கும் நான்தான் பிரீமியம் கட்டுகிறேன்!

கடைசியில் 100/300/100 எடுத்தேன். லிமிட்டை மூன்று மடங்குக்கு மேல் ஏற்றினாலும் பிரீமியம் அந்த அளவுக்கு ஏறவில்லை; முதல் படிக்குத்தான் விலை அதிகம். இத்தனையும் அடுத்தவருக்குத்தான். என் கார் நசுங்கினால் அதற்கு வேறு கவரேஜ், வேறு பணம்.

உங்கள் டி.வி.எஸ். எக்ஸெல்லை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. நம் ஊர் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே இல்லை. தீர்ப்பாயம் சொல்கிற தொகையைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். என் டொயோட்டாவுக்கு அந்த யோகம் இல்லை. அதற்காக மார்க்கெட் ரோட்டில் ராங் சைடில் போக வேண்டாம்.

பாலிசி காலாவதியாகாமல் இருந்தால்தான் இந்தப் பெருமையெல்லாம். சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை அத்தையை விட்டு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் வாயால் சொன்னால் நம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்