ஆறங்குல அண்ணாச்சி

வெளிநாட்டில் தமிழர்கள் நாலு குடும்பம் சேர்ந்தாற்போல் இருக்கும் ஊர் எதுவானாலும் அங்கே ஒருவர் இருப்பார்: மின்னூல் படிக்கும் கருவி வாங்கப் போகிறவர். வாங்கியவர் இல்லை, வாங்கப் போகிறவர். சிங்கப்பூரில் இருப்பார், மெல்பர்னில் இருப்பார், துபாயில் நிச்சயம் இருப்பார். டொரன்டோவின் கிழக்குக் கோடியில், ஸ்கார்பரோவில், எங்களுக்கு வாய்த்தவர் பாளையங்கோட்டைக்காரர். நேரில் அண்ணாச்சி. அவர் இல்லாத இடத்தில் ஆறங்குல அண்ணாச்சி.

பெயர் சும்மா வரவில்லை. இந்தக் கருவிகளில் சாதாரணமாக விற்பதற்குத் திரை மூலைக்கு மூலை ஆறங்குலம். ஆறு போதுமா, ஏழு வேண்டுமா என்பது அவருக்குத் தீராத விசாரம். பேண்ட் பாக்கெட்டுக்கு ஆறு, கண்ணுக்கு ஏழு. குளிர்காலக் கோட்டின் உள்பையில் ஏழு நுழையும். ஆனால் கோடையில் கோட்டு ஏது? கனடாவில் கோடை எத்தனை நாள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்.

கதை தொடங்குவது 2010-ல். கோபோ என்பது டொரன்டோவிலேயே பிறந்த கம்பெனி. அதன் முதல் கருவி அந்த வருஷம் 149 டாலருக்குக் கடைக்கு வந்தது. உள்ளே பழைய ஆங்கில இலக்கியம் நூறு புத்தகம் இலவசமாக ஏற்றிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி கடைக்குப் போனார், எடுத்துப் பார்த்தார், ஒற்றைக் கையில் பிடித்துப் பார்த்தார், படுத்துக்கொண்டு படித்தால் எப்படி இருக்கும் என்று தலைக்கு மேலே தூக்கியும் பார்த்தார். கடைப் பையன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"நல்லாத்தான் இருக்குடே. ஆனா லைட்டு இல்லையே. ராத்திரி மதினி தூங்கும்போது நான் எதை வச்சுப் படிக்க?"

நியாயமான கேள்விதான். 2012-ல் அதற்கு விடை வந்தது. அமேசானின் கிண்டிலும் கோபோவும் ஒரே வருஷத்தில் விளக்கு வைத்த கருவிகளை இறக்கின. அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டார். "லைட்டு வந்துட்டு. தண்ணி பட்டா?"

தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர் அவர். அந்தக் காலத்தில் ஆற்றுக்குப் போகும்போது சோப்பும் துண்டும் கொண்டுபோனாரே தவிர யாரும் புத்தகம் கொண்டுபோய்ப் பார்த்ததில்லை. ஸ்கார்பரோ அடுக்குமாடியில் அவர் வீட்டுக் குளியல் தொட்டியில் ஊறுவது பெரும்பாலும் துவைக்க வேண்டிய ஜமுக்காளம். இருந்தாலும் தண்ணீருக்குத் தாங்கும் கருவிக்காக இரண்டு வருஷம் காத்திருந்தார். 2014-ல் கோபோ அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. உடனே வாங்கிவிட்டாரா? "போட்டிக்காரன் என்ன செய்யுதான்னு பாப்போம்" என்று 2018 வரை பார்த்தார். அந்த வருஷம் கிண்டில் பேப்பர்ஒயிட்டும் நனையக்கூடியதாக வந்தது. ஆனால் சார்ஜ் போடும் ஓட்டை பழைய மாதிரி. போனுக்கு ஒரு ஒயர், இதற்கு ஒரு ஒயரா? அது 2021-ல் தீர்ந்தது. பிறகு வண்ணம் வரப்போகிறது என்றார்கள். 2024-ல் வண்ணமும் வந்தது.

"கறுப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி. கலருக்கு 150தான்டே. பாதிக் கலருக்கு முழுக்காசா?"

தொழில்நுட்பம் அவருக்கு உண்மையிலேயே தெரியும் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு காகிதத் தட்டில் உப்பையும் மிளகுத்தூளையும் கொட்டி வகுப்பெடுத்ததை நானே பார்த்தேன். இந்தக் கருவிகளின் மின்மைத் திரைக்குள் முடியின் தடிமனே உள்ள குமிழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. கீழேயிருந்து மின்சாரம் தள்ளினால் இன்னது மேலே வரும், இன்னது கீழே போகும். மேலே வந்த கறுப்புதான் எழுத்து. வந்தது வந்த இடத்திலேயே நிற்கும், நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். பக்கம் திருப்பும்போது மட்டும் கொஞ்சம் குடிக்கும். அதனால்தான் ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுகிறது. அமெரிக்காவில் எம்ஐடியில் தொடங்கிய ஆராய்ச்சி, 1997-ல் கம்பெனியானது. பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் இன்று விற்பனையாகும் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள்ளே திரை அந்த ஒரே கம்பெனியுடையதுதான். ஒரு குழந்தை இதற்குள் எழுத்தை நக்கிப் பார்த்துத் தும்மிக்கொண்டிருந்தது.

அவருடைய பெயர்பெற்ற ஆயுதம் ஒரு பென்டிரைவ். அதில் ஒரே ஒரு பக்கம் உண்டு. கொக்கு, கோழி, கௌதாரி, ஸ்ரீவைகுண்டம், லக்ஷ்மி, இப்படி நாற்பது ஐம்பது சொற்கள். யார் வீட்டில் புதுக் கருவி வந்தாலும் காபி வருவதற்குள் அதை ஏற்றிப் பார்த்துவிடுவார். தமிழ் எழுத்துரு இல்லாத கருவி வெறும் கட்டங்களைக் காட்டும். அதைக்கூட மன்னிப்பார். எழுத்துரு இருந்தும் எழுத்தைக் கோக்கத் தெரியாத கருவிதான் அவருக்கு ஆகாது. அதில் கொக்கின் கொம்பு ஒரு பக்கம் விழுந்திருக்கும், கால் ஒரு பக்கம் விழுந்திருக்கும், நடுவில் புள்ளிபோட்ட வட்டம் ஒன்று முழித்துக்கொண்டிருக்கும். "ஸ்ரீவைகுண்டத்துல கொள்ளை போயிருக்குடே" என்று கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 2016 டிசம்பரில் அமேசான் தன் கிண்டில் கடையில் தமிழ் நூல்களை முறையாக வைத்தபோது அவர் எங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். எங்கள் கல்யாணநாளுக்குக்கூட அவர் போன் போட்டதில்லை.

அப்போதாவது வாங்கியிருக்கலாமே என்பீர்கள். இங்கேதான் வெளிநாட்டில் இருப்பவனின் வயிற்றெரிச்சல் வருகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் போனில் கிண்டில் செயலி வைத்து, 49 ரூபாய்க்கும் 99 ரூபாய்க்கும் அவர் வாங்கிச் சேர்த்த தமிழ் நூல்கள் இந்தியக் கணக்கில் கிடக்கின்றன. இங்கே ஆங்கில நூல் வாங்குவது கனடாக் கணக்கில். ஒரு கருவியை ஒரு கணக்கில்தான் பதியலாம். இந்தியக் கணக்கில் பதிந்தால் இந்திய முகவரி, இந்திய அட்டை. பாளையங்கோட்டை முகவரியில் இப்போது இருப்பவர் வாடகைக்கு வந்த பல் டாக்டர். கனடாவுக்கு மாற்றிக்கொண்டால் வாங்கியவை கையைவிட்டுப் போகாது, ஆனால் அடுத்து வாங்குவதெல்லாம் டாலர். 49 ரூபாய் கைநழுவுவதை அவரால் தாங்க முடியவில்லை. மாதச் சந்தா கட்டிப் படிக்கும் திட்டமும் கடைக்குக் கடை வேறு.

இதோடு வரி. ஒன்ராறியோவில் அச்சுப் புத்தகம் வாங்கினால் வரி 5 சதவீதம். அதே புத்தகத்தை மின்னூலாக வாங்கினால் முழுதாக 13. "மரம் வெட்டுனா சலுகை, வெட்டலைன்னா தண்டம்" என்பார். இதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அவருக்கு அமேசான்மேல் ஓர் ஐயமும் உண்டு. 2009-ல் ஒரு பதிப்பாளருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், விற்ற நூலையே வாடிக்கையாளர்களின் கருவியிலிருந்து அமேசான் அழித்துவிட்டது. காசைத் திருப்பிக் கொடுத்து, பிறகு மன்னிப்பும் கேட்டது. அழித்தது எந்த நூலை? ஆர்வெல்லின் '1984'-ஐ. இதைச் சொல்லும்போது அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொள்வார். 2025 பிப்ரவரியில் வாங்கிய நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கிக் கருவிக்கு மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். "வீட்டை வித்துட்டுச் சாவிய அவனே வச்சிருக்கான்."

சரி, கோபோ? அதற்கும் ஒரு நல்ல நேரம் இருந்தது. டொரன்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள். நூலக அட்டை இருந்தால் மின்னூலைக் கோபோவிலேயே நேராக இரவல் எடுக்கலாம். நூலக நூலைக் கிண்டிலில் வாங்கிப் படிக்கும் வசதி அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் கிடையாது. பக்கம் திருப்ப விசை வைத்த மாதிரியும் கோபோவில் உண்டு. ஜனவரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கம்பளிக் கையுறையோடு திரையைத் தேய்த்தால் ஒன்றும் நடக்காது. விசையை அமுக்கலாம். விசை வைத்த கிண்டிலை 2024-ல் நிறுத்தியேவிட்டார்கள். ஆகவே கோபோ என்று முடிவாகி, பாக்ஸிங் டே தள்ளுபடிக்குக் கடை வாசல்வரை போனார். வாசலில் ஞாபகம் வந்தது: அமேசானில் வாங்கிய தமிழ் நூல் எதுவும் இதில் திறக்காது. திரும்பி வரும் வழியில் சாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கும் தள்ளுபடி இருந்தது.

ஆண்ட்ராய்டில் ஓடும் சீனக் கருவி ஒன்று உண்டு. அதில் கிண்டில் செயலியும் போடலாம், கோபோ செயலியும் போடலாம். சிக்கல் தீர்ந்ததே என்றேன். "அது போன் மாதிரில்லாடே. வாட்ஸ்அப்பும் போடலாம். வாட்ஸ்அப் போட்டுட்டா நான் எங்க படிக்க?"

மதினிக்கு இதிலெல்லாம் சங்கடம் இல்லை. "வாங்கிட்டாவன்னா பொறவு என்னத்தப் பேசுவாவ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

இப்படியெல்லாம் எழுதினாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஸ்கார்பரோவில் எங்கள் வட்டாரத்தில் கையில் கருவியோடு படிக்கிறவர்களில் பாதிப்பேர் அண்ணாச்சி சொல்லி வாங்கியவர்கள். வந்தவரிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி: "என்ன படிப்பே?" பதில் வந்த மறுநொடி தீர்ப்பும் வந்துவிடும். துப்பறியும் கதையாக ஆங்கிலத்தில் விழுங்கும் காலேஜ் பையனுக்கு, "நீ லைப்ரரி ஆளு. கோபோ வாங்கு, காசு கொடுத்துப் புஸ்தகமே வாங்காதே." கல்கியையும் சாண்டில்யனையும் மறுபடி படிக்க ஆசைப்பட்ட ஒரு தாத்தாவுக்கு, "இருக்கிறதுலயே குறைஞ்ச விலைக் கிண்டில், எழுத்தைப் பெருசாக்கிக்கிடுங்க, போதும்." யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வந்தார். 'நூலகம்' என்ற இணையதளத்தில் 2005 முதல் சேர்த்து வைத்திருக்கும் ஈழத்துப் பழைய இதழ்களைப் படிக்க வேண்டும் என்றார். அதெல்லாம் பக்கத்தை அப்படியே படமெடுத்த பிடிஎஃப். ஆறங்குலத்தில் எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும். "உங்களுக்குப் பத்தங்குலத்துக்குக் குறையாம வேணும். விலை ஜாஸ்தி. மவன்கிட்ட கேளுங்க" என்றார் அண்ணாச்சி. "உது கண்ணுக்கு நல்லதோ தம்பி?" என்று மட்டும் அக்கா கேட்டார். மகன் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ஊரிலிருக்கும் மருமகப் பிள்ளைகளுக்குக்கூட அண்ணாச்சி இங்கிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர்களுக்கு வாங்கும்போது ஒரு யோசனையும் இல்லை, ஐந்து நிமிஷ வேலை.

போன மாதம் அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டேன். "நீங்க என்ன படிப்பீங்க அண்ணாச்சி?"

கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புதுமைப்பித்தன ஒருதடவ வரிசையாப் படிச்சிரணும். பொறவு கி.ரா. அப்பொறம் சங்க இலக்கியம், உரையோட. மதுரைத் திட்டத்துல 98-லேருந்து ஏத்தி வச்சிருக்கான்லா, அதுல பாதியாவது. கம்பராமாயணம் பழைய பதிப்பு பிடிஎஃப்லதான் கெடக்கு, அதுக்குப் பத்தங்குலம் வேணும். டால்ஸ்டாய் லைப்ரரிலதான் எடுக்கணும். ஊர்க் கணக்குல கெடக்கதயும் முடிக்கணும்லா..."

சொல்லிக்கொண்டே போனார். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு கருவியை இதுவரை யாரும் செய்யவில்லை. அண்ணாச்சி வாங்காததற்கு வேறு காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே வெளிநாட்டில் இருந்துகொண்டு கருவி வாங்க நினைப்பவர்கள் தாராளமாக உங்கள் ஊர் அண்ணாச்சியைத் தேடிப்போய்க் கேளுங்கள். போகும்போது மூன்று பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: எந்த மொழியில் படிப்பீர்கள், காசு கொடுத்தா நூலகத்திலா, எந்த நாட்டுக் கணக்கு. கேட்பதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கேட்டீர்களானால் திங்கட்கிழமை வேலைக்கு நேரத்தில் போக முடியாது.