பூநாரையும் புளியோதரையும்

முன்னால் போகிறவர் பார்த்த பறவையைப் பின்னால் வருகிறவர் நம்ப வேண்டும். இயற்கை நடைக்கு இருக்கிற ஒரே விதி இதுதான். கோடியக்கரைச் சரணாலயத்தில் நாள் முழுக்க நம்பினோம். "அதோ சார், அந்தப் பட்ட கிளைக்கு இடதுகைப் பக்கம்" என்பார் வாட்சர். மச்சினன் பைனாகுலரைத் திருகிக்கொண்டே, "அட்டகாசம், அத்தான்!" என்பான். அது என் கைக்கு வரும்போது கிளை மட்டும்தான் மிச்சம் இருக்கும். கிளையும் நன்றாகத்தான் இருந்தது.

காலையில் சதுப்பு நிலம். தொலைவில், தண்ணீர் முடிகிற இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு, பூநாரைக் கூட்டமாம். இரண்டு மட்டும் நம் மேல் இரக்கப்பட்டுக் கொஞ்சம் கிட்டே நின்றன. காலால் சேற்றைக் கலக்கிவிட்டு, வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, வடிகட்டித் தின்கின்றன. தின்கிற பாசியும் பொடி இறாலும்தான் அந்த நிறத்தைத் தருகின்றனவாம். வாட்சர் இதைச் சொன்னதும் என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வருஷக்கணக்கில் புளியோதரை தின்கிறவன், வேறு எந்த நிறத்தில் இருப்பேன்?

அடுத்து வெளிமான். 1967-இல் இந்தச் சரணாலயம் வந்ததே அவற்றுக்காகத்தான். முதுகு கருத்து, வயிறு வெளுத்து, முறுக்கேறிய கொம்போடு ஓர் ஆண்மான் எங்களை ஒரு முறை பார்த்தது. கல்யாண வீட்டில் பெண்ணின் தாய்மாமன் பார்க்கிற பார்வை. அதே வெளியில் மட்டக்குதிரைகளும் திரிகின்றன. எப்போதோ யாரோ வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள். மானுக்கு வேண்டிய புல்லை மேய்வதோடு நில்லாமல், சீமைக்கருவேலங்காயைத் தின்று, போகிற இடமெல்லாம் விதையை எருவோடு சேர்த்துப் போட்டுவிடுகின்றன. விழா வைத்து நட்ட கன்று பட்டுப்போகும். குதிரை நட்டது பட்டுப்போவதில்லை.

மத்தியானத்துக்குமேல் ராமர் பாதம். இந்தப் பக்கத்திலேயே உயரமான இடம் அந்த மணல்மேடுதான். "ஏறணுமா?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் பதறினார். பக்கத்து வேதாரண்யத்தில் உப்பெடுக்க 1930 ஏப்ரல் வெயிலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள் என்று எடுத்துச் சொன்னேன். "அவங்களுக்கு வேன் கிடைக்கலையாக்கும்" என்றார்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் குரங்குகள் வேனைச் சோதனை போட்டிருந்தன. புளியோதரைத் தூக்கைத் திறக்கத் தெரிந்த குரங்குக்கு, அப்பளம் இருந்த பையையும் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கிறது. நாள் முழுக்கப் பைனாகுலர் இல்லாமல் எல்லோரும் தெளிவாகப் பார்த்த ஒரே காட்டுயிர் அதுதான்.

போக நினைப்பவர்கள் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போங்கள். வலசைப் பறவைகள் அப்போதுதான் நிறைய இருக்கும். வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்குங்கள்.